பருவம் தப்பிய மாதங்களில் ருசியுள்ள தக்காளி

தூத்துக்குடியில் தக்காளி கிடைக்காத மாதம் என்று ஒன்று இல்லை. காமராஜ் காய்கறி மார்க்கெட்டுக்கு எந்த நாள் விடியற்காலையில் சென்றாலும், லாரிகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் தக்காளி இறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆயினும், தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரையில் வாங்கும் பழம் ரசத்தில் விழுந்த மாத்திரத்திலேயே அடுக்களை முழுவதும் தன் வாசனையைப் பரப்புவதும், அதே கடையில் ஆனியிலோ கார்த்திகையிலோ வாங்கும் பழம், நிறத்திலும் பருமனிலும் குறையொன்றும் இல்லாதிருந்தும், புளிப்பும் இன்றி இனிப்பும் இன்றி வெறும் நீராகக் கரைந்துபோவதும், இவ்வூரில் சமைக்கும் ஒவ்வொருவரும் வருஷந்தோறும் காணும் அநுபவம்.

இந்தக் குறையை நிவர்த்தி செய்துகொள்ளப் பல வழிகள் உண்டு. கடையில் விவரம் அறிந்து தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்ததை வீட்டில் பக்குவமாகப் பழுக்க விடலாம். இடமும் பொறுமையும் உள்ளவர்கள் மொட்டை மாடியில் தாங்களே வளர்க்கலாம். இவை எல்லாவற்றிலும் மேலானது, பழம் மலிந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களிலேயே அதன் ருசியை வெயிலில் வற்றவைத்துச் சேமித்துக்கொள்வது என்பது என் உறுதியான அபிப்பிராயம். வெயிலும் உப்பும் உலர்ந்த காற்றும் ஒருங்கே வாய்த்த ஊரில் வசிக்கிறவர்களுக்கு அதைவிட எளிய உபாயம் வேறில்லை. ஆகையால் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

ருசி குறைவது ஏன்?

செய்முறைக்கு அவசியமான அளவு மட்டும் இங்கே தெரிந்துகொண்டால் போதும். தக்காளி மிதமான சீதோஷ்ணத்தை விரும்பும் பயிர். இரவில் உஷ்ணம் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காவிட்டால், பூக்களில் பெரும்பகுதி பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பிடித்த காயும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பழுக்குமானால், சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன் சரிவர உண்டாகாமல் மஞ்சளும் சிவப்புமாக நின்றுவிடும். அடைமழைக் காலத்திலோ, வெயில் குறைந்து வேரடியில் நீர் மிகுவதால், சர்க்கரை குறைந்து பழம் நீர்த்துப் போகிறது.

இவற்றோடு மனிதர் செய்த காரியம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. காய் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டுமென்று பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துவந்த வகைகளில், காம்படியிலுள்ள கரும்பச்சை நிறம் நீங்கியதோடு, காயினுள் சர்க்கரை சேர உதவும் ஒரு மரபணுவும் செயலற்றுப் போயிற்று என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன் பவலும் அவருடைய கூட்டாளிகளும் 2012-இல் வெளியிட்டார்கள். அழகாக, மறுவின்றிச் சிவந்த பழமே ருசியுள்ள பழம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவதற்கு இந்த ஒரு விஷயமே போதுமான காரணம்.

எந்த ஊர்ச் சரக்கு?

விலை கேட்பதற்கு முன் ஊர் கேளுங்கள். பருவம் தப்பிய மாதங்களில் ருசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டி புறப்பட்ட இடமே.

ஆனி, ஆடி, ஆவணி: தூத்துக்குடியில் மேல்காற்று அனலாக வீசும் இந்த நாட்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குற்றாலச் சாரல் விழுந்து இரவுகள் குளிர்ந்திருக்கின்றன. நமக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலேயே உள்ள பாவூர்சத்திரம் சந்தைக்கு ஆலங்குளம், கடையம் முதலிய சுற்றுவட்டாரங்களிலிருந்து வரும் தக்காளிதான் அப்பொழுது நாம் தேட வேண்டியது. தூரம் குறைவாதலால் பழத்தை நன்றாகச் சிவந்த பின்பு பறித்து அனுப்ப இயல்கிறது. திருநெல்வேலிக்குப் போய்வரும் அலுவல் உள்ளவர்கள் மகாராஜநகர் உழவர் சந்தையில் விவசாயியிடமே நேரில் கேட்டு வாங்கலாம். என்றைக்குப் பறித்தது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் அங்கே எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதையும் நனைக்கும் இந்தக் காலத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒட்டன்சத்திரம், அய்யலூர்ச் சரக்கும் மழையில் நனைந்தே வரும், தட்டுப்பாடு நேர்ந்தால் ராயக்கோட்டை, கோலார், மதனப்பள்ளி வரையில் வியாபாரிகள் போக வேண்டியிருக்கும். 500 கிலோமீட்டர் கடந்து வரவேண்டிய பழத்தைச் செங்காயாகவே பறித்தாக வேண்டும். ஆகவே இந்த மூன்று மாதங்களில் பச்சையாகத் தின்னத் தகுந்த தக்காளியைத் தேடி அலைவது பெரும்பாலும் வீண் பிரயத்தனம் என்றே சொல்வேன். சமையலுக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்வது மேல்.

விலை உயர்வதால் ருசி உயர்ந்துவிடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் அரசாங்கமே பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அந்த விலை தட்டுப்பாட்டின் அளவைக் காட்டியதேயன்றிப் பழத்தின் தரத்தையன்று.

மார்க்கெட்டில் தேர்ந்தெடுக்கும் முறை

1. பெட்டி பிரிக்கும் வேளையில் செல்லுங்கள். பல கைகள் அழுத்திப் புரட்டிய பிறகு எஞ்சியிருப்பது சாயங்காலச் சரக்கு.

2. வகையைப் பாருங்கள். நாட்டுத் தக்காளி என்று கடைக்காரர் கூறுவது சற்றே தட்டையாக, வரி விழுந்து, மெல்லிய தோலோடும் மிகுந்த புளிப்போடும் இருக்கும்; பெங்களூர்த் தக்காளி கெட்டியாக, நீள்வட்டமாக, தோல் தடித்திருக்கும். ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் முந்தியதே ஏற்றது. நிறமும் கனமும் மட்டும் வேண்டிய சால்னா முதலியவற்றுக்குப் பிந்தியது தாராளமாகப் போதும். பொரிச்ச பரோட்டாவுக்குப் பேர்போன இந்த ஊரில் அதன் உபயோகத்தை யாரும் குறைத்து மதிக்க முடியாது. நம் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் காய்கறி ஏற்றி அனுப்புகிறார்களே, அவ்வாறு கடல் கடக்க வேண்டிய பழத்துக்குத் தோல் தடிப்பு ஒரு தகுதி. நாளைக்கு உங்கள் அடுப்பில் ஏறவேண்டிய பழத்துக்கு அது தகுதியாகாது.

3. பழத்தின் தோளைப் பாருங்கள். காம்பைச் சுற்றிலும் பச்சையோ மஞ்சளோ படர்ந்திருந்தால் கழித்துவிட வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்னும் நாட்டு வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 என்ற ரகத்துக்குப் பச்சைத் தோள் சுபாவமாகவே உண்டு. ஆனால் அந்தப் பகுதி வெந்தாற்போல் வெளிறிக் கெட்டியாக இருந்தால் அது வெயில் காய்ந்த காயம், அதை விலக்குங்கள்.

4. ஒரே பருமனுள்ள இரண்டைக் கைக்கொன்றாக ஏந்திக் கனமானதை எடுங்கள். பக்கங்கள் உருளாமல் பட்டை பட்டையாக அமுங்கியிருக்கும் பழத்தின் உள்ளே பெரும்பாலும் பொக்காக இருக்கும்.

5. காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து அந்தத் தழும்பை மோந்து பாருங்கள். காம்போடு சேர்த்து மோந்தால் மூக்கில் ஏறுவது செடியின் பச்சை வாடையேயன்றிப் பழத்தின் மணமன்று; இதில் ஏமாறுகிறவர்கள் பலர்.

6. சந்தேகம் தீராவிட்டால் ஒன்றை மட்டும் வாங்கி அங்கேயே அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான சாறு அறைகளை நிறைத்துக்கொண்டு, அறுத்த உடனே கத்தியில் வழிய வேண்டும். நடுத்தண்டு வெள்ளையாகவும் கட்டையாகவும் விரிந்து, விதையறைகள் வறண்டு, ஓரங்களில் மட்டும் சிவப்பு ஏறியிருந்தால், அந்தப் பெட்டியில் எதையும் வாங்க வேண்டாம். தக்காளியின் சுவையில் பெரும்பங்கு அந்தச் சாற்றிலேயே இருப்பதால், சமைக்கும்போது விதையோடு அதை வழித்து எறிகிற வழக்கமும் கூடாது.

7. மூன்று நாளைக்கு மேல் வாங்காதீர்கள்.

குறிப்பு: ஒன்றும் தேறாத நாளில் கொட்டைப்பாக்கு அளவுள்ள செர்ரித் தக்காளி கிடைக்குமானால் அதை வாங்குங்கள். சிறு பழங்களில் சர்க்கரை பொதுவாக அதிகம். உஷ்ணத்திலும் அவை ஓரளவு நன்றாகவே காய்க்கின்றன.

வீட்டில் பழுக்க வைத்தல்

செங்காயாக வாங்கியதை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. 12 டிகிரிக்குக் கீழே காய் பழுப்பதை நிறுத்திக்கொள்கிறது; பிறகு வெளியே எடுத்தாலும் சிவக்குமேயன்றி மணக்காது. பழுத்த பழத்தைக்கூட 5 டிகிரியில் 7 நாட்கள் வைத்தால், வாசனையை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போய், வெளியே எடுத்த பின்னும் சரிவர மீள்வதில்லை என்று புளோரிடா சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் 2016-இல் நிரூபித்தார்கள். முற்றப் பழுத்து அழுகப் போகிற நிலையில் இரண்டு மூன்று நாட்கள் வைப்பதில் பெரிய தீங்கு இல்லை.

நம் ஊரின் கோடையில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. அறையின் உஷ்ணமே 32 டிகிரிக்கு மேல் போகும்போது பழம் சிவக்காமலே குழைந்துவிடும். அதற்கு இரட்டைப் பானை முறை உதவும். மின்சாரமில்லாத கிராமங்களுக்காக நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் பரப்பிய முறை இது. நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

1. பூச்சுப் பூசாத பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை ஒன்றை இரண்டு விரற்கிடை இடைவெளியோடு வையுங்கள்.
2. இடைவெளியை ஆற்று மணலால் நிரப்புங்கள். கடல் மணல் உதவாது. அதிலுள்ள உப்பு பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும்.
3. காலையும் மாலையும் மணலில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உட்பானை உலர்ந்தே இருக்கவேண்டும்.
4. தக்காளியைக் காம்புப் பக்கம் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, ஈரத் துணியால் வாயை மூடி, நிழலும் காற்றும் உள்ள திண்ணையில் வையுங்கள்.
5. நாள்தோறும் பார்த்து, வெடித்ததையும் பூஞ்சணம் பூத்ததையும் அப்புறப்படுத்துங்கள்.

மேல்காற்று வறண்டு வீசும் ஆனி, ஆடியில் இது நன்றாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பானை குளிராது. அப்பொழுது தட்டில் பரப்பி வைத்தாலே போதும். சீக்கிரம் பழுக்க வேண்டுமானால், ஒரு கனிந்த வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

எச்சரிக்கை: கால்சியம் கார்பைடு கல்லை எக்காரணம் கொண்டும் உபயோகிக்காதீர்கள். பழம் பழுக்க வைக்க அதை உபயோகிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும். மற்றொரு விஷயம்: வெயிலில் சுமந்து வந்த பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்திக் கழுவினால், காம்புத் தழும்பின் வழியாக அழுக்கு நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்று ஆறவிட்டு, ஓடும் நீரில் கழுவுங்கள்.

மாசி வெயிலில் தக்காளி வற்றல்

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961-இல்), கடல் அடங்கித் தெளிந்திருக்கும் சில வாரங்களுக்குள்ளேயே வருஷம் முழுவதற்குமான முத்தை எடுத்துக்கொண்டார்கள். தக்காளிக்கும் அத்தகைய வாரங்கள் உண்டு. மாசிப் பிற்பாதியிலிருந்து பங்குனி முடியும் வரையில் பழம் தரத்திலும் மலிவிலும் உச்சத்தில் இருக்கும். உப்பளங்களில் பாத்திகள் வெளுக்கத் தொடங்கியிருக்கும். மழைக்குச் சாதாரணமாக இடமில்லை. உப்பையும் கருவாட்டையும் விளைவிக்கும் அதே வெயிலையும் காற்றையும் தக்காளிக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்கு 10 கிலோ போதும். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீராதலால், வற்றிய பின் 600 முதல் 900 கிராம் வரையில்தான் தேறும். இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நால்வர் உள்ள குடும்பத்தில் ஒரு குழம்புக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் தேவைப்படாது.

1. செடியிலேயே பழுத்த, வெடிப்பில்லாத நாட்டுத் தக்காளியாகத் தேர்ந்து கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். சிறிது அழுகியதை வெட்டிக் கழித்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு பழத்தின் பூஞ்சணம் தட்டு முழுவதையும் கெடுத்துவிடும்.

2. நடுத்தர அளவுள்ளதை நான்காகவும் பெரியதை ஆறாகவும் நீளவாக்கில் அறுங்கள். தோல் அடியிலும் சதை மேலுமாகக் கிடந்தால்தான் சாறு ஒழுகாமல் அதிலேயே சுண்டும்.

3. ஒரு கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை சுத்தமான உப்பைத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். ஊறி வரும் சாற்றைக் கொட்டிவிடாமல் அன்றைய ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சுளகிலோ, பனைநார்க் கட்டிலின் மேல் விரித்த வெளுத்த வேட்டியிலோ, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். அலுமினியத் தட்டு கூடவே கூடாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்துப் பதார்த்தத்தில் கலந்துவிடும்.

5. மேலே கொசுவலைத் துணியைத் துண்டுகளில் படாமல் கட்டிவிடுங்கள். காற்று அடியிலும் புகுவதற்காகக் கட்டில் தரையிலிருந்து முழங்கால் உயரமாவது இருக்கட்டும்.

6. காலை 9 மணிக்கு வெளியே வைத்து, மாலை 5 மணிக்குள் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். இவ்விதிக்கு விலக்கே இல்லை. மாசிப் பனியும் இரவில் கடலிலிருந்து வரும் ஈரமும் பகல் முழுதும் வற்றியதை விடிவதற்குள் நனைத்துவிடும். மறுநாள் வெயில் அந்த நனைவைப் போக்குவதற்கே செலவாகும். மூன்றாம் நாள் புளித்த வாடை வரும்.

7. இரண்டாம் நாள் முதல் தினமும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். முதல் நாள் மாலையில் துண்டின் ஓரங்கள் சுருண்டு நடுவில் மட்டும் ஈரம் பளபளக்கும். இரண்டாம் நாள் சதை தோலோடு ஒட்டி, விதைகள் மேடாகப் புடைத்துத் தெரியும். மூன்றாம் நாள் நிறம் செங்கல்லிலிருந்து கறுஞ்சிவப்புக்கு இறங்கி, கையில் எடுத்தால் ஒட்டாது. இன்னும் ஓரிரு நாள் காய்ந்த பின், ஒன்றை மடித்துப் பாருங்கள். தோல்போல் வளைந்தால் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டிய பக்குவம். சட்டென்று ஒடிந்தால் கார்த்திகை வரை தாங்கும் பக்குவம். கடற்கரை ஊரில் நமக்கு வேண்டியது பிந்தியதே.

8. ஆறிய பின் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் போட்டு மூடி, ஒரு வாரம் வரை தினமும் குலுக்கிப் பாருங்கள். ஜாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் மறுபடி வெயிலில் வையுங்கள். பூச்சி முட்டைக்கு அஞ்சுகிறவர்கள், உறைநிலைப் பெட்டியில் இரண்டு நாட்கள் வைத்து எடுக்கலாம்.

9. பிறகு சிறு சிறு பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அடையுங்கள். ஒன்றைத் திறக்கும்போது மற்றவற்றில் ஈரக்காற்று புகாதிருக்கும். புரட்டாசியில், மழை தொடங்குமுன், எல்லாவற்றையும் ஒரு நாள் மறுவெயில் காட்டுவது அவசியம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். கருவாடு காயும் முற்றத்துக்குக் காற்றுவாக்கில் இருந்தால், தக்காளி அந்த மணத்தை ஏற்றுக்கொண்டுவிடும். நிலக்கரி லாரிகள் செல்லும் சாலைகளை ஒட்டிய வீடுகளில் கரித்தூள் படியும். அங்கே கண்ணாடிப் பலகை சாய்த்து மூடிய பெட்டியில், இரு பக்கங்களிலும் காற்றோட்டத் துளைகள் விட்டு உலர்த்துவதே நல்லது.

எச்சரிக்கை: வற்றலை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கிற பழக்கம் அயல்நாட்டுச் சமையல் படங்களைப் பார்த்து இங்கேயும் பரவிவருகிறது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலினம் என்னும் கொடிய விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். பூண்டும் சேர்ந்தால் அபாயம் அதிகம். எண்ணெயில் போட்டே ஆகவேண்டுமானால், சிறிதளவே போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ரஸ்தாக்களும் ரயில் பாதையும் அறுபட்டு, ஜில்லாவின் பல பகுதிகளுக்குக் காய்கறி வண்டிகள் வரவே இயலாதிருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். வற்றல் பாட்டில்களைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல் உயரமான பரணில் வைக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவதற்கு அந்த வெள்ளமே காரணம்.

பாட்டிலில் அடைப்பவர்களுக்கு

காய்ச்சிய தக்காளிக் கூழைப் பாட்டிலில் அடைப்பது கண்டிப்பான சுத்தத்தைக் கோரும் காரியம். தக்காளியின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடுவதால், அதை மட்டும் நம்பக் கூடாது. அரை லிட்டருக்குக் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு சேர்த்து, புதிய மூடியிட்ட பாட்டில்களை முழுதும் அமிழும்படி கொதிநீரில் 40 நிமிஷம் விடாமல் கொதிக்கவைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் அதில் சேரக்கூடாது. மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது நுரை பொங்கினாலும், நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்ய அவகாசமில்லாதவர்கள் பழத்தை முழுதாகவே உறைநிலைப் பெட்டியில் போட்டுவைக்கலாம். சதை குழைந்தாலும் குழம்புக்குக் குறைவராது.

மொட்டை மாடியில் நான்கு சட்டிகள்

கார்த்திகையில் பச்சையாகத் தின்னத் தகுந்த தக்காளி வேண்டுமென்பவர்கள் அதைத் தாங்களே வளர்க்க வேண்டியதுதான்.

1. ஆவணி முதல் வாரத்தில் விதையுங்கள். செர்ரி வகையோ பி.கே.எம். 1 வகையோ ஏற்றது. விதை பற்றிய யோசனைக்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையமும் நம் ஜில்லாவிலேயே இருக்கின்றன.

2. 25 நாள் நாற்றை, 15 லிட்டருக்குக் குறையாத சட்டியில், முதல் இலை வரை தண்டைப் புதைத்து நடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம பாகம். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால், நல்ல தண்ணீரில் மும்முறை அலசிப் பிழிந்து உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

3. பூத்த பின், காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையே பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். மாடிக்கு வண்டு வராத குறையை இது தீர்க்கும்.

4. ஐப்பசி பிறந்ததும் மேலே மட்டும் கண்ணாடிப் பாலிதீன் கூரையிட்டு, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். இலை நனையாத செடிக்குக் கருகல் நோய் குறைவு. வேரில் மழைநீர் தேங்காத பழத்துக்கு ருசி அதிகம்.

5. காய் வெளுத்துச் சிவக்கத் தொடங்கியதும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் பிறகு கொட்டினால் பழம் வெடிக்கும்.

நம் ஊர்க் கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இலேசான உவர் தக்காளிக்குத் தீங்கன்று. காய் சிறுத்தாலும் இனிப்பு கூடும். ஆனால் நாற்றுப் பருவத்தில் உவர் நீர் ஆகாது. காய்த்த பின்பும், வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக ஒழுகும்படி ஊற்றி, சட்டியில் சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால், உவர் மிகுந்தது அல்லது தண்ணீர் ஒழுங்கு தப்பியது என்று அறிந்துகொள்ளுங்கள்.

சமையலில் சேர்க்கும் வகை

வற்றலை வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, அந்த நீரையும் சேர்த்தே உபயோகியுங்கள். மீன் குழம்புக்கானால் தேங்காயோடு வைத்து அரைத்துக்கொள்ளலாம். வற்றலிலேயே உப்பு இருப்பதால் குழம்புக்கு உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், புளியையும் வழக்கத்தில் கால் பங்கு குறையுங்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தக்காளியும் கருவாடும் ஒன்றன் சுவையை மற்றொன்று பெருக்கிக் காட்டும். அங்கே சாதாரணமாகப் போடுவதில் பாதி வற்றலே போதும்.

பருவமற்ற பழத்தையே வைத்து ரசம் வைக்க நேர்ந்தால், அதைத் தண்ணீரில் நேரடியாகக் கரைக்காதீர்கள். பாதியாக அறுத்து, வெட்டுவாய் கீழாக இரும்புக் கல்லில் எண்ணெயின்றிச் சிறு தீயில் வைத்து, ஓரம் கருகி நீர் சுண்டிய பிறகு பிசைந்து கரையுங்கள். நான்கு பழத்துக்கு இரண்டு துண்டு வற்றலையும், மிளகளவு உடன்குடிக் கருப்பட்டியையும் சேர்த்தால் குறைந்த புளிப்பும் இனிப்பும் ஈடாகும். ரசம் நுரைத்து வந்தவுடன் இறக்கிவிடுங்கள். தக்காளியின் வாசனை ஆவியோடு போகும் இயல்புள்ளதாதலால், அதற்கு மேல் கொதிக்கவிட்டால் அது தங்காது.